காதல் என்ற ஒரு சொல்லுக்காக: இளையோர் நூல் தேர்வுக் குழுவினருக்குத் திறந்த மடல்

நூலகத்தின் இளையோர் பிரிவுக்கு நூல் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

காதலை மையமாகக் கொண்ட கதைகளை இனி இளையோர் அலமாரிக்கு வாங்குவதில்லை, ஏற்கெனவே இருப்பவற்றைப் பெரியவர் பிரிவுக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். இளையோர் நாவல்களைப் படித்துத் தேர்வதும், திருத்துவதும், அச்சுக்கு அனுப்புவதும் எங்கள் அன்றாட வேலை. முதல் காதல் கதை ஒன்று எங்கே உயிர்பெறும், எங்கே கெட்டுப்போகும் என்பதை வரிவரியாகப் பார்க்கிறவர்கள் என்ற முறையில் பேசுகிறோம்.

முடிவு எடுக்கப்பட்ட விதத்திலிருந்து தொடங்குகிறோம். அகற்ற வேண்டிய நூல்களின் பட்டியலைப் பின்னட்டைக் குறிப்பையும் நூற்பட்டியலில் உள்ள பொருள் தலைப்பையும் வைத்தே தயாரித்திருக்கிறீர்கள். இளையோர் நாவல் ஒன்று பொதுவாக 50,000 முதல் 80,000 சொற்கள் வரை போகும். பின்னட்டையில் இருப்பது நூறு, நூற்றைம்பது சொற்கள். அவற்றை எழுதுகிறவர் பல நேரம் நாவலாசிரியரே அல்ல, நூலை விற்றாக வேண்டியவர். கதைக்குள் நட்பு, தேர்வு பயம், வீட்டில் நடக்கும் சண்டை, உடல்நலமில்லாத தம்பி என்று ஐந்தாறு இழைகள் ஓடினாலும் காதல்தான் பின்னட்டையின் முதல் வரியில் நிற்கும். இன்னொரு பக்கம், 'சாகசம்' என்று தலைப்பிட்ட நூல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நாயகன் விடாமல் பின்தொடர்கிறான், கடைசி அத்தியாயத்தில் அவள் மனம் மாறுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். பொருள் தலைப்பில் காதல் இல்லாததால் அந்த நூல் அலமாரியிலேயே இருக்கும். வேண்டாம் என்ற சொல்லைக் கேட்ட பையன் அதை எப்படி ஏற்றுக்கொண்டு எழுந்தான் என்று நாற்பது பக்கம் பேசுகிற நூல் வெளியே போகும். உங்கள் அளவுகோலால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. எங்கள் முதல் குறை இதுதான்.

பதின்பருவத்தினர் இந்தக் கதைகளை எதற்காகத் தேடுகிறார்கள் என்பதிலும் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறோம். முத்தத்துக்காகவும் தழுவலுக்காகவும் படிக்கிறார்கள் என்ற அச்சம் உங்கள் முடிவுக்குப் பின்னால் தெரிகிறது. நல்ல முதல் காதல் நாவல் ஒன்றை எடுத்துப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். 300 பக்க நாவலில் இருவரும் முதன்முதலாகக் கைகோக்கும் இடம் பெரும்பாலும் பாதியைத் தாண்டித்தான் வரும். அதுவரை 150 பக்கத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பது என்ன?

விளக்கத்துக்காக ஒரு காட்சியை இங்கேயே எழுதிக் காட்டுகிறோம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பக்கத்து வரிசைப் பையனுக்குப் பேனா இரவல் கொடுக்கிறாள். மாலையில் பேனா திரும்பி வருகிறது. மூடி மாறியிருக்கிறது. கொடுத்தபோது நீலம், வந்தபோது கறுப்பு. நடந்தது அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு கைதேர்ந்த நாவலாசிரியர் இரண்டு பக்கம் எழுதுவார். அவசரத்தில் மாறியிருக்கும். இல்லை, வேண்டுமென்றே மாற்றியிருப்பானோ? அப்படியானால் மூடியைக் கேட்டு அவள் நாளைக்கு வர வேண்டும் என்பதற்காகவா? கேட்காமல் விட்டால் ஏமாந்துபோவானா, அல்லது மூடி மாறியதே அவனுக்குத் தெரியாதா? தோழியிடம் சொன்னால் சிரிப்பாள். சொல்லாமல் இருந்தால் தூக்கம் வராது. மறுநாள் அவன் சட்டைப் பையில் நீல மூடி தெரிகிறது. கேட்டுவிடலாம் என்று எழுந்து நடக்கிறாள். அவன் பக்கத்தில் வேறு யாரோ நிற்பதைப் பார்த்ததும், தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போல அவனைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

இதில் தொடுதல் இல்லை. காதல் என்ற சொல்கூட இல்லை. ஆனாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் புத்தகத்தை மூட முடியாது. இன்னொரு மனிதரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு பேனா மூடியை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு அறிய முயலும் வேலையில் வாசகரும் சேர்ந்துகொள்கிறார். அந்தப் பக்கங்களின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல பெயர் இருக்கிறது: குறிப்பறிதல். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் வரும் 71ஆவது அதிகாரம், அரசன் வாய் திறக்காமலே அவன் எண்ணத்தை அமைச்சன் அறிவதைப் பற்றியது. காமத்துப்பாலில் வரும் 110ஆவது அதிகாரம், ஒருவர் பார்வையின் பொருளை மற்றவர் அறிவதைப் பற்றியது. அரசவையில் வேண்டிய திறமையும் காதலில் வேண்டிய திறமையும் ஒன்றே என்று கருதித்தான் ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்திருக்க வேண்டும். முகத்தைப் படிப்பது, மௌனத்தைப் படிப்பது, தன் ஆசையை எதிராளியின் குறிப்பு என்று நினைத்துவிடாமல் இருப்பது எல்லாம் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுபவை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை அவற்றை முழுமூச்சாகப் பழகத் தொடங்குகிற இடம் முதல் காதல். கதையில் பழகுவதில் ஒரு பாதுகாப்பு உண்டு. தவறாகப் படித்தாலும் யாருக்கும் காயமில்லை. பத்துப் பக்கம் பின்னால் போய், எங்கே ஏமாந்தோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

'முதல்' என்ற சொல்லுக்கும் தனி எடை இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்காரரின் காதல் கதையில் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முன்னனுபவம் இருக்கும். இது ஆசை, இது பழக்கம், இது தனிமை என்று பெயர் வைக்கத் தெரியும். கதையின் கேள்வி 'இருவரும் சேர்வார்களா' என்பதாக இருக்கும். பதினாறு வயதில் பெயர் வைக்க எதுவும் கையில் இல்லை. வயிற்றில் ஏற்படும் படபடப்பு பயமா, காய்ச்சலா, வேறு ஏதாவதா என்பதே கேள்வி. அதோடு, வீட்டுக்கு வெளியே ஒருவர் தன்னைத் தனியாளாகப் பார்க்கிறார் என்ற உணர்வும் அப்போதுதான் முதன்முதலாக வருகிறது. அதுவரை இன்னாருடைய மகள், இன்னாருடைய தம்பி, இந்த வகுப்பின் மூன்றாம் வரிசை. இப்போது ஒருவருக்குத் தன் கையெழுத்து தெரிந்திருக்கிறது, தான் சிரிக்கும் விதம் தெரிந்திருக்கிறது. கதையைப் படிக்கிற பிள்ளை காதலனையோ காதலியையோ தேடுவதைவிட, அந்தப் பார்வையில் தான் எப்படித் தெரிவேன் என்பதையே அதிகம் தேடுகிறது. இளையோர் நாவல் என்ற வகைக்கு முன்னோடி என்று பலர் குறிப்பிடும் நூல் 1942-இல் அமெரிக்காவில் வந்தது. அதுவே பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் ஒரு கோடைக்கால முதல் காதலைச் சொல்லும் கதைதான். இந்த வகை இலக்கியம் வேர்விட்ட இடத்தையே நீங்கள் வெட்டி எடுக்கிறீர்கள்.

வயது வந்தவர்களையும் இந்தக் கதைகள் விடுவதில்லை. 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியாகும் நூல்களை வாங்குகிறவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று 2012-இல் அமெரிக்காவில் வெளியான சந்தை ஆய்வு ஒன்று சொன்னது. வயதானவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், பதின்பருவத்தையும் இருபதுகளையும் சேர்ந்தவை மற்ற ஆண்டுகளைவிடக் கூடுதலாக மேலெழுந்து வரும் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். முதன்முதலாக நடந்தவை அந்த ஆண்டுகளில்தான் குவிந்து கிடக்கின்றன. அந்த ஆண்டுகளை இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிற பிள்ளையிடமிருந்து நூலைப் பிடுங்கி, அவற்றைத் திரும்பிப் பார்க்கிற பெரியவரிடம் மட்டும் கொடுப்பது எங்களுக்குத் தலைகீழாகப் படுகிறது.

இந்தக் கதைகளின் ஈர்ப்பு எழுத்து நுட்பத்தாலும் வருகிறது. அதையும் அறிந்துகொண்டால்தான் எது நல்ல நூல், எது தீங்கான நூல் என்று உங்களால் பிரிக்க முடியும். டோரத்தி டென்னவ் என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், காதலில் தலைசுற்றிக் கிடக்கும் நிலையை 'லிமரன்ஸ்' என்று பெயரிட்டு விரித்து எழுதினார். நம்பிக்கையும் நிச்சயமின்மையும் சேர்ந்து இருக்கும்வரை அந்த நிலை தீவிரமாகிக்கொண்டே போகும். எதிராளியின் மனம் உறுதியாகத் தெரிந்துவிட்டாலோ, இனி வழியே இல்லை என்று ஆகிவிட்டாலோ அது தணியத் தொடங்கும். நாவலாசிரியர்கள் இதைக் கைப்பழக்கத்திலேயே அறிந்தவர்கள். அதனால்தான் நம்பிக்கையையும் ஐயத்தையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு அத்தியாயத்தில் அவன் காத்திருந்தான், அடுத்த அத்தியாயத்தில் பார்க்காமல் போனான். நல்ல கதையில் அவன் பார்க்காமல் போனதற்குக் கதைக்குள் காரணம் இருக்கும். மோசமான கதையில் காரணம் இருக்காது, ஆசிரியருக்கு இன்னும் ஐம்பது பக்கம் ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் மனக்கசப்பை நூறு பக்கம் இழுக்கும் கையெழுத்துப் பிரதிகள் எங்கள் மேசைக்கு நிறைய வருகின்றன. அவற்றை நாங்களே திருப்பி அனுப்புகிறோம்.

அடுத்து, சொல்லும் குரல். இந்த நாவல்களில் பெரும்பாலானவை 'நான்' என்று தன்மையில் சொல்லப்படுபவை, பல நிகழ்காலத்திலேயே எழுதப்படுபவை. நாளை என்ன ஆகும் என்று சொல்பவருக்கே தெரியாது என்பதால் வாசகருக்கும் அதே இருட்டு. காதலைப் பாடும் நம் சங்க அகப்பாடல்களும் இப்படித்தான் ஒருவருடைய கூற்றாக வருகின்றன. அகத்திணையில் தலைவன், தலைவி யாருக்கும் இயற்பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் போய் நிற்கலாம். 'நான்' என்ற குரலும் வாசகரை அப்படித்தான் உள்ளே இழுக்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க மாட்டோம். சொல்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் வாசகரும் கூடவே தவறாகப் புரிந்துகொள்வார். 'அவன் என் செல்பேசியை வாங்கிப் பார்த்தான், என்மேல் அவ்வளவு அக்கறை' என்று கதாநாயகி சொன்னால், பதினான்கு வயது வாசகி அதை அக்கறை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். தேர்ந்த ஆசிரியர் இந்த இடத்தில் கதாநாயகிக்குத் தெரியாத ஒன்றை வாசகருக்குத் தெரிய வைப்பார். அதற்கு அவர் பயன்படுத்தும் ஆள் பெரும்பாலும் தோழி. தோழியின் முகம் சுருங்கும். பேச்சை மாற்றுவாள். 'அவன் பார்த்தது சரி, நீ அவனுடையதைக் கேட்டால் தருவானா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அகப்பாடலில் தோழி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. காதலில் விழுந்தவளின் கண்ணுக்குத் தப்புவதைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். தோழி வெறுமனே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் நாவலைச் சந்தேகத்தோடு படியுங்கள். அவள் ஒருமுறையாவது மறுத்துப் பேசியிருந்தால், அந்த மறுப்புக்குக் கதை என்ன விடை கொடுக்கிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மறுப்புக் காட்சி. 'எனக்கு அப்படித் தோணல' என்று ஒருவர் சொல்கிறார். எதிரில் நிற்பவர் 'சரி' என்கிறார். இந்த இரண்டு வரியை எழுதுவது எளிது. அதற்குப் பின்னால் வரும் இருபது பக்கங்களில்தான் நூலின் தரம் தெரியும். 'சரி' என்றவர் மறுநாளே பரிசோடு வந்து நின்றால், அவளுடைய நண்பர்களிடம் தூது விட்டால், சாகப் போகிறேன் என்று மிரட்டினால், அதைக் கதை உறுதியான அன்பு என்று கொண்டாடினால், அந்த நூலை வெளியே வையுங்கள், நாங்களும் துணை நிற்போம். 'சரி' என்றவருக்கு வலிக்கிறது, கோபம் வருகிறது, தன்மேலேயே வெறுப்பு வருகிறது, ஆனாலும் அவள் பாதையில் குறுக்கே போகாமல் மெல்ல மெல்ல வேறு வேலைகளுக்குத் திரும்புகிறார் என்றால், அந்த நூலை எப்படியாவது அலமாரியில் வையுங்கள். மறுப்பைக் கேட்டுக்கொள்வது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டும் இடங்கள் மிகக் குறைவு. அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது. ஒரு பாத்திரத்தோடு 200 பக்கம் நடந்த பிறகு அந்த வலியை உள்ளிருந்து பார்ப்பது வேறு.

இந்தப் பிரிவினையும் நமக்குப் புதிதல்ல. இருவர் மனமும் ஒத்த காதலான அன்பின் ஐந்திணையைத் தனியாக வைத்து, ஒருதலையான கைக்கிளையையும் பொருந்தாத பெருந்திணையையும் அதற்கு வெளியே வைத்தது தொல்காப்பியம். காமத்துக்கு இன்னும் பக்குவப்படாத இளையவள்மேல் ஒருவன் கொள்ளும் ஆசை, அவள் மறுமொழி சொல்லாதபோதும் அவன் தானே சொல்லி இன்புறுவது எல்லாம் கைக்கிளையின் குறிப்பு. தெளிவிழந்த மிகுகாமம், வலிந்து நடப்பது எல்லாம் பெருந்திணை. இலக்கணம் செய்தவர் காதல் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒதுக்கவில்லை. உள்ளே பார்த்துப் பிரித்தார். உங்களிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம்.

வேறு குறைகளையும் சொல்லிவிடுகிறோம். பொறாமையை அன்புக்கு அளவுகோலாக வைப்பது. ஒருவருக்கு 16, மற்றவருக்கு 24 என்று வைத்துவிட்டு அந்த இடைவெளியைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. முரட்டுப் பையனைத் திருத்தி எடுப்பதே பெண்ணின் வேலை என்று ஆக்குவது. காதல் வந்ததும் கதாநாயகியின் படிப்பு, விளையாட்டு, நண்பர்கள் எல்லாம் கதையிலிருந்து காணாமல் போவது. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: முதல் 30 பக்கத்தில் அவளுக்கு இருந்த ஆசைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு அத்தியாயங்களில் அவற்றில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று பாருங்கள்.

முடிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காதலித்தவர்கள் கடைசியில் செத்துப்போகும் கதைகளைப் பாடமாகவே வைக்கிறோம். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு இன்னும் 14 நிறையவில்லை. அவளும் ரோமியோவும் சந்தித்து, மணந்து, இறந்து முடிய ஐந்து நாள்கூட ஆவதில்லை. பழமையானது என்பதால் அந்த நாடகம் வகுப்பறைக்குள் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் காதலுக்குத் தண்டனை கிடைக்கும் கதைகளை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு அதுவே ஒரு பாடமாகிவிடுகிறது. காதலித்தும் யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்று மகள் கேட்டதால்தான் அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1975-இல் தன் புகழ்பெற்ற இளையோர் நாவலை எழுதினார். அந்த நாவலில் இருவரும் பிரிகிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள், வாழ்க்கை தொடர்கிறது. அமெரிக்க நூலகங்களில் மிக அதிகமாக எதிர்ப்புக்கு உள்ளான நூல்களில் அதுவும் ஒன்று. முதல் காதல்களில் பெரும்பாலானவை திருமணத்திலும் முடிவதில்லை, மரணத்திலும் முடிவதில்லை. முடிகின்றன, அவ்வளவுதான். முடிந்த பிறகு காலையில் எழுந்து பல் துலக்குவது எப்படி என்று சொல்லும் நூல் ஒரு பிள்ளைக்கு மிகத் தேவையான நேரத்தில் கைக்கு எட்ட வேண்டும்.

உங்கள் முடிவால் அது எட்டாமல் போகும் விதத்தைப் பாருங்கள். நூல் தடை செய்யப்படவில்லை, பெரியவர் பிரிவில் இருக்கிறது, கேட்டால் தருவோம் என்கிறீர்கள். இளையோர் அட்டையில் பெரியவர் பிரிவு நூலை எடுக்க முடியாது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளை நூலகரின் மேசைக்கு வர வேண்டும். பின்னால் வரிசையில் அண்டை வீட்டுக்காரர் இருக்கலாம், வகுப்புத் தோழர் இருக்கலாம். அவர்கள் காதில் விழும்படி ஒரு காதல் கதையின் பெயரைச் சொல்ல வேண்டும். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றால் வீட்டிலும் சொல்ல வேண்டும். அந்த வயதில் யார் கேட்பார்கள்? வெளிப்படையாக அலமாரியில் இருந்தால் பத்து நூல்களுக்கு நடுவே அதையும் எடுத்துக்கொண்டு இயல்பாகப் போயிருப்பார்கள். பிறகு இரவல் பதிவேட்டைப் பார்த்து, இந்த நூலை யாருமே எடுக்கவில்லை, கழித்துவிடலாம் என்று இன்னொரு முடிவும் வரும்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உங்களில் பலர் பயிற்சியிலேயே படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும். பதினைந்து வயதினருக்கென்று எழுதப்பட்ட நூலை அவர்கள் கை எட்டாத இடத்தில் வைப்பது இந்த இரண்டு விதிகளையும் ஒருசேர மீறுகிறது.

நூலகத்தில் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் காதல் கதையை மறந்துவிடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். செல்பேசியில் தொடர்கதைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே யாரும் தேர்வு செய்வதில்லை, திருத்துவதில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைத் திறக்க வைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதப்படுகிறது. அந்த நெருக்கடிக்கு மிக எளிதாக விலைபோவது அடக்கியாளும் நாயகன், கடத்தல், கட்டாயக் கல்யாணம். ஒன்றைப் படித்தால் அதே மாதிரி பத்தை அந்தச் செயலி முன்னால் வைக்கும். தேர்ந்தெடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் கையில் இருந்த வாசகரை, தேர்வே இல்லாத இடத்துக்கு நீங்களே அனுப்பிவைக்கிறீர்கள்.

பெற்றோர் சிலர் புகார் செய்தார்கள் என்பது எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் கவலையைக் குறைத்து மதிப்பிடவில்லை. 12 வயதும் 18 வயதும் ஒன்றல்ல, எல்லா நூலும் எல்லோருக்கும் ஆகாது. உடலுறவை விரிவாகச் சொல்லும் நூலைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் புழங்கும் தட்டில் வைக்கச் சொல்லவில்லை. நூலைப் படித்த பிறகு முடிவெடுங்கள் என்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. மாற்றப்பட்ட நூல்களை இளையோர் பிரிவுக்கு உடனே திருப்பி வையுங்கள். ஆய்வு முடியும்வரை அவை அங்கேயே இருக்கட்டும். பின்னட்டையை வைத்துத் தயாரித்த பட்டியலை ரத்து செய்யுங்கள்.

ஐயம் எழும் ஒவ்வொரு நூலையும் குறைந்தது இருவர் படியுங்கள். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் 30 பக்கம், மறுப்புக் காட்சியும் அதற்குப் பிந்தைய 20 பக்கமும், தோழியோ நண்பனோ எதிர்த்துப் பேசும் இடம், கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஆகியவற்றையாவது படியுங்கள். ஏறத்தாழ 80 பக்கம் வரும், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேண்டாம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்புக் கிடைக்கிறது, இருவரில் யாருக்கு வயதாலும் பணத்தாலும் பதவியாலும் கை ஓங்கியிருக்கிறது, அதைக் கதை கவனிக்கிறதா, காதலுக்கு வெளியே இருவருக்கும் வாழ்க்கை மிஞ்சுகிறதா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை குறியுங்கள். இதே கேள்விகளைச் சாகசம், மாயாஜாலம், வரலாறு என்று தலைப்பிட்ட நூல்களுக்கும் கேளுங்கள்.

இளையோர் அலமாரியை 12 முதல் 14 வரை, 15 முதல் 18 வரை என்று இரண்டு தட்டாகப் பிரியுங்கள். பிரிப்பது வழிகாட்டுதலாக மட்டும் இருக்கட்டும். மேல் தட்டு நூலை எடுக்கப் பெற்றோர் கையெழுத்து கேட்காதீர்கள். தன் பிள்ளை ஒரு நூலை எடுக்க வேண்டாம் என்று ஒரு பெற்றோர் நினைத்தால் அதைத் தன் பிள்ளையின் அட்டைக்கு மட்டும் எழுதித் தரட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர் முடிவெடுக்க இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் குழுவில் 16 முதல் 18 வயதுக்குட்பட்ட வாசகர் இருவரையாவது வாக்குரிமையோடு சேருங்கள். எந்த இடத்தில் சலிப்பு தட்டுகிறது, எந்த இடம் பொய்யாக இருக்கிறது, எந்த நாயகன் தங்களைப் பயமுறுத்துகிறான் என்பதை நம் எல்லோரையும்விட அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

ஒரு நூலை நீக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், எந்தப் பக்கங்களைப் படித்து, என்ன காரணத்தால் என்று நூல்வாரியாக எழுதி அறிவிப்புப் பலகையில் வையுங்கள். அந்தக் காரணத்துக்கு மறுப்பு எழுத வாசகர்களுக்கு 30 நாள் கொடுங்கள்.

அடுத்த தேர்வுக் கூட்டத்துக்கு முன்பே இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். நூல்களைப் படித்துக் குறிப்பெழுத ஆள் போதவில்லை என்றால் அந்த வேலையை எங்களிடம் தாருங்கள், ஊதியம் இல்லாமல் செய்கிறோம். இறுதி முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இளையோர் நாவல்களைத் திருத்திப் பதிப்பிக்கும் பணியில் இருப்பவர்கள்